சோக் பிரித்த கொட்டகையும் ஒரு பாட்டில் எண்ணெயும்

பத்து, பதினோரு வருஷம் ஆகிறது. மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு எல்.இ.டி. விளக்குக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. கழற்றிய பட்டிகள் டெம்போ டெம்போவாக வந்து இறங்கிய ஒரு பழைய சாமான் குடோனில் நான் வேலைக்கு இருந்தேன். சோக் பிரிக்கிற வேலை.

டியூப் லைட் பட்டிக்குள் செங்கல் துண்டு மாதிரி கனமாக ஒன்று இருக்குமே, விளக்கு எரியும்போது 'ம்ம்ம்' என்று விடாமல் முனகுமே, அதுதான் சோக். அதன் தகர உறையை உளி வைத்துப் பிளந்தால் உள்ளே தார் ஊற்றியிருப்பார்கள். தாரைத் தட்டி உதிர்த்தால் இரும்புத் தகடுகள் பிஸ்கட் அடுக்கின மாதிரி வரும். தகடுகளுக்கு நடுவே கம்பிச் சுருள். கம்பியைப் பிளேடால் ஒரு கீறு கீறிப் பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளையாக இருந்தால் அலுமினியம். இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எனக்குச் சொந்த ஊர் சத்தியமங்கலம் பக்கம். பத்தாவது வரை தமிழில் படித்தேன். வீட்டுக்காரர் கட்டட சென்ட்ரிங் வேலைக்கு மைசூர் வந்ததால் நாங்களும் வந்தோம். நாங்கள் இருந்த லைன் வீடுகளில் எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள்தான் என்பதால் கன்னடம் கற்றுக்கொள்ள அவசியம் வரவில்லை. வந்திருந்தாலும் கற்றிருப்பேனா என்பது சந்தேகம்தான். எனக்குப் பிறவியிலேயே கூச்சம் ஜாஸ்தி. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்கிற 'உள்ளேன் ஐயா' எனக்கே கேட்காது. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் 'வரவில்லை' என்று எத்தனையோ நாள் ஆப்சென்ட் வாங்கியிருக்கிறேன்.

வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். "என்ன அம்மிணி, சோக்குக்குக் கெளம்பியாச்சாட்ட இருக்குது!" என்பார். நகத்திலெல்லாம் தார் அப்பிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு போகிற சோக்கை நினைத்து நானும் சிரித்துக்கொள்வேன்.

குடோனுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அங்கே ஒரு தண்டவாளத் துண்டைப் போட்டு, அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் உட்காருவோம். எனக்கு எதிரே உட்கார்ந்தவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கன்னடத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவரும் என்னை அக்கா என்றார். சில நேரம் 'தமிழு' என்பார். யார் மூத்தவர் என்பது கடைசி வரை முடிவாகவில்லை.

எனக்கு எவ்வளவு கூச்சமோ அவ்வளவு வாய் அவருக்கு. டெம்போ டிரைவர், டீ கொண்டுவருகிறவர், வாசலில் படுத்திருக்கிற நாய், எல்லோரிடமும் பேசுவார். நான் பதில் சொல்லாவிட்டாலும் என்னிடமும் பேசிக்கொண்டே இருப்பார். புரியாததற்கெல்லாம் நான் தலையாட்டுவேன். அது என் வழக்கம். தலையாட்டினால் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் மடியருகே நான் சோக்குகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். "சாக்கு, சாக்கு" என்றார். ஓடிப்போய் ஒரு கோணிச் சாக்கு எடுத்து வந்தேன். அவர் இன்னும் பலமாக "சாக்கு!" என்றார். இன்னொன்றும் கொண்டுவந்தேன். மூன்றாவது சாக்குக்கு நான் திரும்பியபோது என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கன்னடத்தில் 'சாக்கு' என்றால் 'போதும்' என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கும் அவரைப் பிடித்துவிட்டது.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. உடைப்பதற்கு முன்னாலேயே சோக்கைக் கையில் தூக்கிப் பார்த்து உள்ளே செம்பா அலுமினியமா என்று சொல்ல வேண்டும். அவர் "கெம்பு" என்றால் சிவப்பு, "பிளி" என்றால் வெள்ளை. தோற்றவர் போய் டீ வாங்கி வர வேண்டும். நான் ஜெயித்த நாட்கள்தான் அதிகம். ஆனால் டீக்கடைக்காரரிடம் பேசக் கூச்சப்படுவேன் என்று தெரிந்துகொண்டு, நான் தோற்ற நாட்களிலும் அவரே போய் வருவார். அந்தக் கொட்டகையின் தார் வாசனையும், பிற்பகலில் தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தம் போடுவதும், அவருடைய சிரிப்பும் இன்னும் அப்படியே இருக்கின்றன எனக்குள்.

பட்டிகளில் சோக் மட்டும் வராது. பெரிய ஷெட்டுகளில் மாட்டியிருந்த பழைய பட்டிகளில் கண்டன்சர் என்று ஒன்று இருக்கும். விரல் நீளத்துக்கு அலுமினிய டப்பா. சிலது தீப்பெட்டிக் கட்டு மாதிரி பெரிதாகவும் இருக்கும். அதை மட்டும் உடைக்கக் கூடாது, ஓரமாக இருக்கிற நீல டிரம்மில் போட வேண்டும் என்று முதலாளி முதல் நாளே கையைக் காட்டிச் சொல்லியிருந்தார். ஏன் என்றும் கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். முழுசாக இருந்தால்தான் யாரோ வாங்குவார்கள் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். நசுங்கி வந்த கண்டன்சர்களிலிருந்து எண்ணெய் கசியும். அது டிரம்மின் அடி ஓட்டை வழியே சொட்டி, கீழே வைத்திருந்த தட்டில் தேங்கும்.

மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். ஒருநாள் நான் கொண்டுபோன கத்தரிக்காய் வதக்கலை ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு அக்கா நாக்கைச் சப்புக்கொட்டினார். என்ன போட்டாய் என்று கையால் கேட்டார். "எங்கூரு எண்ணெங்க்கா. செக்குல ஆட்டின கடலை எண்ணெ" என்றேன். எண்ணெய் என்பது இரண்டு பாஷையிலும் ஏறக்குறைய ஒரே சொல். அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் தினமும் என் குழம்பில் ஒரு கரண்டி அவருக்குப் போகும்.

நாள் முழுக்கச் சுத்தியல் பிடித்ததில் அவருடைய வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. துணி சுற்றிக்கொண்டு வருவார். ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் அந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "நங்கூ ஸ்வல்ப எண்ணெ தந்துகொடு அக்கா" என்றார். பின்னாலேயே சுக்ரவார, சீமந்த என்று வேறென்னவோ வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் புரிந்தது 'எண்ணெ' ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிந்தது அவர் தேய்த்துக்கொண்டிருந்த கை. சரி, கைவலிக்கு எண்ணெய் கேட்கிறார் என்று தலையாட்டினேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டு வலிக்கு டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் தடவுவார்கள். லைன்மேனைப் பிடித்து ஒரு சின்னக் குப்பியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் அப்பா முழங்காலுக்கு அதைத்தான் தேய்ப்பார். அதனால் கண்டன்சரிலிருந்து சொட்டுகிற எண்ணெயைப் பார்த்ததும், இதுவும் கரென்ட்டு சாமானில் இருக்கிற எண்ணெய்தானே, அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம்தான் எனக்கு இல்லையே.

நாலைந்து நாள், அக்கா தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து, தட்டில் தேங்கியதைச் சேர்த்தேன். வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டினேன். ஜூஸ் பாட்டில் ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து அதில் ஊற்றினேன். பார்க்க இளம் மஞ்சளாக, பளபளவென்று, நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் நடுவிலான நிறத்தில் இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அதைக் கையில் கொடுத்து 'இது இன்னது, இதற்கு' என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். தமிழிலேயே சொல்லி மணிக்கட்டைத் தொட்டுக் காட்டியிருந்தால்கூடப் போதும். ஆனால் ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பதென்றால் எனக்கு அவ்வளவு வெட்கம். புதன்கிழமை சாயங்காலம் அவருடைய துணிப்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பாட்டிலை வைத்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் பிரியும்போது, "அக்கா, எண்ணெ" என்று மட்டும் சொன்னேன். அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. என் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தார். வீடு போய்ச் சேருகிறவரை எனக்கு பஸ்ஸில் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா லீவு. நான் மட்டும் கொட்டகையில் இருந்தேன். மூன்று மணி இருக்கும். கம்பெனியிலிருந்து பட்டிகள் ஏற்றிய டெம்போ வந்தது. கூடவே மோட்டார் பைக்கில் அந்தக் கம்பெனி எலக்ட்ரீஷியனும் வந்தார். ஐம்பது வயதுக்காரர், மைசூரிலேயே பிறந்த தமிழர். வாரம் ஒருமுறை வருவார். அக்காவோடு நன்றாக வாயாடுவார். நான் இருக்கிறதே அவருக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

நான் அப்போது வீட்டுக்காரரின் இடுப்பு வலிக்காக இரண்டாவது பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா மாட்றீங்க அங்க?" என்று, என்ன செய்கிறீர்கள் என்பதைப் பாதிக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே வந்தவர் என் கையில் தட்டைப் பார்த்ததும் கத்தினார். "ஐயோ, கீழ வைங்க! கீழ வைங்க முதல்ல! அது விஷம்க்கா. பழைய கண்டன்சர் எண்ணெ. கை பட்டா சோப்பு போட்டுக் கழுவணும்னு எங்க கம்பெனில போர்டே மாட்டி வெச்சிருக்காங்க. இத எதுக்குப் பிடிக்கிறீங்க?"

தட்டைக் கீழே வைத்தேன். ஊர்ப் பழக்கத்தை மென்று விழுங்கிச் சொன்னேன்.

"ஜோரா சொல்லுங்க, கேக்கல."

இன்னொரு தடவை சொன்னேன். கரென்ட் கம்பத்து எண்ணெயையே தடவக் கூடாது, இது அதைவிடப் பொல்லாதது என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம்தான் நான் அடுத்ததைச் சொன்னேன். அக்காவுக்கும் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறேன், கைக்குத் தேய்க்க.

அவர் என்னையே பார்த்தார்.

"கைக்கா? எந்தக் கைக்கு? நேத்து எங்க கம்பெனி கேட்டாண்ட பார்த்தேன், அவங்க சொன்னது வேற ஆச்சே. தமிழு அக்கா ஊர்லேர்ந்து கடலெ எண்ணெ வந்திருக்கு, நாத்தனார் சீமந்தத்துக்கு அதுலதான் கஜ்ஜாயம் சுடப்போறேன், நீங்களும் வாங்கன்னாங்க. வெள்ளிக்கெழமன்னு..."

அவர் பாதியில் நிறுத்தினார். அன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

கஜ்ஜாயம் என்றால் நம் அதிரசம். எண்ணெயில் பொரித்தெடுப்பது. சீமந்தம் என்றால் வளைகாப்பு. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்ணுக்கு முதல் தட்டு. இதெல்லாம் என் தலைக்குள் ஓடி முடிவதற்குள் அவர் போனை எடுத்து அக்காவுக்கு அடித்தார். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். விசேஷ வீட்டில் போன் எந்த மூலையில் கிடக்கிறதோ.

"ஏறுங்க வண்டில" என்றார்.

அதுவரை வீட்டுக்காரரைத் தவிர வேறு ஆண்பிள்ளை வண்டியில் நான் ஏறியதில்லை. அன்று யோசிக்கக்கூட இல்லை. கும்பாரகொப்பலில் அக்கா வீடு இருக்கிறது என்பது வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். எந்தச் சந்து என்று தெரியாது. பிரதான சாலையில் என்னை இறக்கிவிட்டு, "நீங்க இந்தப் பக்கம் கேளுங்க, நான் அந்தப் பக்கம் போறேன்" என்றார். என்ன சொல்லிக் கேட்பது என்று நான் விழித்ததும் அக்காவின் பெயரைச் சொன்னார். நாலு மாதம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவருடைய பெயரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

சந்துக்குள் ஓடினேன். பெயரைச் சொல்லி "மனெ எல்லி? மனெ எல்லி?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டேன். வீடு எங்கே என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஐந்தாறு கன்னட வார்த்தைகளில் அது இரண்டு. முதல் வீட்டில் என் சத்தம் அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது வீட்டில் கதவு திறக்கவில்லை. தெருக்குழாயில் குடத்தோடு நாலைந்து பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் போய் நின்று, என் வாழ்நாளில் நான் எழுப்பாத ஒரு சத்தத்தை எழுப்பினேன். "சீமந்த! சீமந்த மனெ எல்லி?"

எல்லோரும் ஒரே சமயத்தில் கை நீட்டினார்கள். சந்தின் கோடியில் மாவிலைத் தோரணம் தெரிந்தது.

வாசல் நிறையச் செருப்பு. உள்ளே இருபது முப்பது பெண்கள். நடுவே நாற்காலியில் பச்சை வளையல் அடுக்கிய கையோடு சின்னப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சிரைக்க நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை முதலில் பார்த்தது அக்காதான். கையெல்லாம் வெல்லப்பாகு மாவு. அப்படியே ஓடி வந்தார்.

"பந்துபிட்லு! நோடி, நம்ம தமிழு பந்துபிட்லு!"

கூப்பிட்டதற்கு நான் வந்துவிட்டேன் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் என்னைக் கூப்பிட்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கும் தலையாட்டியிருக்கிறேன் போல. நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். யாரோ தலையில் பூ வைத்தார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் என்னைக் காட்டி ஏதோ பெருமையாகச் சொன்னார். அதில் 'எண்ணெ' இரண்டு தடவை வந்தது.

நான் சமையற்கட்டைப் பார்த்தேன். பெரிய அடுப்பில் கடைப் பாக்கெட் எண்ணெயில் மிளகாய் பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சின்ன அடுப்பில் புது வாணலி ஒன்று காலியாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் அருகே தட்டில் தட்டி வைத்த கஜ்ஜாய மாவு, ஐந்தே ஐந்து. அதற்குப் பக்கத்தில் என் பாட்டில், மூடி திறந்து. நல்ல எண்ணெய் என்பதால், வந்தவர்களுக்கு வைக்காமல், பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் தனியாகச் சுட எடுத்து வைத்திருக்கிறார்.

பாட்டிலில் கால்வாசி குறைந்திருந்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை எடுத்தார். நான் பாய்ந்து பிடுங்கினேன். பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மூலையிலிருந்து ஒரு பெண் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கொடுத்ததைத் திருப்பி வாங்கிப்போக வந்திருக்கிறாள் என்று சொன்னதாக அக்கா பிற்பாடு சொன்னார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன். மெதுவாகக் கையை நீட்டினார். நான் தரவில்லை.

விஷம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அது கன்னடத்திலும் அதே சொல்தான். சொன்னால் அங்கிருந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிடும். வளையல் அடுக்கி உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு முன்னால், அந்த நாளில், அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வேறு வார்த்தையும் என்னிடம் இல்லை. அக்காவின் கண்ணை மட்டும் பார்த்தேன். ஒரு கையால் சுத்தியல் அடிக்கிற மாதிரி அடித்துக் காட்டினேன். பாட்டிலைக் காட்டினேன்.

"கண்டன்சர்" என்றேன். "அக்கா, கண்டன்சர் எண்ணெ."

அந்த வீட்டில் அந்தச் சொல் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நீல டிரம்மும் அதன் கீழே இருந்த தட்டும் அவர் நினைவுக்கு வந்ததை அவர் கண்ணில் பார்த்தேன். கை தானாக வாய்க்குப் போனது.

குறைந்திருந்த கால்வாசியைக் காட்டி, மீதி எங்கே என்று கையால் கேட்டேன். அவர் திரும்பிப் பூஜை மாடத்தைப் பார்த்தார். புது எண்ணெய் வந்தால் முதலில் சாமி விளக்குக்கு ஊற்றுவது அவர்கள் வீட்டு வழக்கம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே சுவரில் கரி படிந்திருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதற்கப்புறம் அக்கா செய்ததை நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்தான். அவர் கத்தவில்லை, அழவில்லை. எல்லோரையும் பார்த்து உரக்கச் சிரித்தார். பாட்டில் மாறிப்போய்விட்டது, இது நாள்பட்ட எண்ணெய், நல்லதைக் கொடுக்கத் தவறிவிட்டது என்று தமிழு ஓடிவந்திருக்கிறாள் பாருங்கள் என்று சொல்லிச் சமாளித்தார். இதுவும் பிற்பாடு தெரிந்ததுதான். கூட்டமும் சிரித்து, என்னைப் பாராட்டுவது போல் என்னவோ சொன்னது. அக்கா மாடத்துத் திரையை இழுத்துவிட்டு, ஒரு பூவால் விளக்கை அணைத்தார். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேறு விளக்கில் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஏற்றினார். விசேஷ நாளில் விளக்கை அணைத்தது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

பிறகு என்னைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனார். துவைக்கிற கல்லில் உட்காரவைத்து என் கைக்கும் அவர் கைக்கும் மூன்று தடவை சோப்புப் போட்டார். போட்டுக்கொண்டே திட்டினார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த பயமெல்லாம் அந்தத் திட்டில் வந்தது. "பாயி இல்வா நிங்கே? ஒந்து மாத்து ஹேளக்காகல்வா?" வாய் இல்லையா உனக்கு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா. எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அப்படியே புரிந்தது.

நான் அவருடைய வீங்கின மணிக்கட்டைத் தொட்டேன். இதற்குத்தான் கொடுத்தேன் என்று தேய்த்துக் காட்டினேன். அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அன்றைக்கு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே தான் எண்ணெய் கேட்டதை அப்படியே ஒரு தரம் செய்து பார்த்தார். "அய்யோ தேவரே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே கல்லில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் அழுதோம். நடுவில் எப்போது சிரிக்க ஆரம்பித்தோம் என்று ஞாபகமில்லை.

எலக்ட்ரீஷியன் அரை மணி கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அக்கா தட்டு நிறைய பஜ்ஜி நீட்டினார். அவர் ஒன்றை எடுத்து, வாய்வரை கொண்டுபோய், நிறுத்தி, "அக்கா, இது எந்த எண்ணெ?" என்றார். மறுபடி சிரிப்பு. அந்தப் பாட்டிலை அவரே பத்திரமாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். அவர்கள் கம்பெனியில் இதற்கென்று தனிப்பெட்டி இருக்கிறதாம்.

திங்கட்கிழமை முதலாளி வந்ததும் நானே எதிரே போய் நின்றேன். டிரம்மைக் காட்டி, கையைக் காட்டி, "கிளவுஸ் பேக்கு" என்றேன். வேண்டும் என்பதற்கு 'பேக்கு' என்று காலையில்தான் அக்காவிடம் கேட்டுக்கொண்டு போயிருந்தேன். முதலாளி நான் பேசுவதைக் கேட்டு அசந்துபோய் இரண்டு ஜோடி வாங்கித் தந்தார். கசிகிற டிரம்மையும் மாற்றினார். அதிலிருந்து அக்கா எனக்கு ஒரு சோக்குக்கு ஒரு வார்த்தை என்று கன்னடம் சொல்லித்தந்தார். பதிலுக்கு என்னிடம் தமிழ் கேட்டார். நான் அவருக்கு முதலில் சொல்லித்தந்த சொல் 'மணிக்கட்டு'. அவர் வாயில் அது கடைசி வரை 'மனிகட்டு'தான். ஊருக்குப் போய் வந்தபோது நிஜமான கடலை எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தேன். மூடியைத் திறந்து, அவர் எதிரிலேயே ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது என்ன நக்கல்!

அடுத்த மூன்று நான்கு மாதத்தில் சோக் வரத்துக் குறைந்துவிட்டது. பட்டிகளைக் கழற்றி முடித்துவிட்டார்கள். குடோனில் வேறு சாமான் வர ஆரம்பித்தது. அக்கா ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் போனார். நான் ஒரு ஹாஸ்டலில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன், இன்றும் அங்கேதான். பழைய கட்டடம் எதிலாவது டியூப் லைட் முனகுகிற சத்தம் கேட்டால் நின்று அண்ணாந்து பார்ப்பேன். உள்ளே கெம்பா பிளியா என்று மனசு தானாகக் கேட்கும். அந்தச் சத்தம் இப்போது அபூர்வமாகிவிட்டது.

அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பிறந்த பையன் இப்போது ஐந்தாவது படிக்கிறான். யுகாதிக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் 'தமிழு அத்தெ' என்று ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வான். அவன் தலையில் கை வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த மூடி திறந்த பாட்டில் ஞாபகம் வரும்.

எங்கள் ஹாஸ்டலுக்கு இப்போது ஒடிசாவிலிருந்தெல்லாம் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். நானே போய், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் முதலில் பெயரைக் கேட்கிறேன். கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட் பாட்டிலைக் காட்டி, இது இன்னது, இதற்கு மட்டும்தான் என்று மூன்று தடவை சொல்கிறேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். தொணதொணப்பு என்று அவர்கள் சிரித்துக்கொள்வது தெரியும். சிரிக்கட்டும். என் கூச்சம் என்னோடு போகிற விஷயம், அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை என்று முப்பத்தைந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இன்னொருவர் வீட்டு அடுப்பு வரைக்கும் போகும் என்று அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.